மாசம் ஒண்ணு, சம்பளம் நாலு: திருப்பூர் வீடுகளின் மளிகைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. பி.என். ரோட்டு அரிசி மண்டி வாசலில் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கடைப்பையன் தோளிலிருந்து இறக்கும் சிப்பம் நேராக வண்டியில் கால் வைக்கும் இடத்தில் போய்ப் படுக்கிறது. ஓட்டுபவர் இரண்டு காலையும் அதன் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். பின்னால் மனைவி, அவர் மடியில் குழந்தை, கையில் எண்ணெய் கேன். வண்டி ஒருமுறை ஆடி, பிறகு நிதானித்துப் பாண்டியன் நகர்ப் பக்கம் திரும்புகிறது. மண்டியின் உள்ளே இன்னும் கூட்டம். முதல் நாள் சனிக்கிழமை, சம்பள நாள்.

அந்தச் சிப்பத்தின் எடையைக் கவனித்தால் 26 கிலோ என்று அச்சிட்டிருக்கும். 25 அல்ல, 26. 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆனால் அந்த வரி 25 கிலோ வரையிலான பைக்குத்தான். ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள், வரி போயிற்று. காங்கேயம் ஆலைகளும் மண்டிகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில் 26 கிலோ சிப்பம் இப்போது சாதாரணம். வசதி குறைந்தவர்களுக்குத்தான் இதில் சிக்கல். மொத்தமாகச் சிப்பம் எடுப்பவருக்கு வரி இல்லை. லேபிள் ஒட்டிய 5 கிலோ, 10 கிலோ பை வாங்குபவருக்கு உண்டு. மண்டியில் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து போடும் அரிசிக்கு வரி கிடையாது. அங்கே போக நேரம் இருக்க வேண்டும்.

திருப்பூரில் மளிகைக் கணக்கு பேசினால் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறது. ஒன்று, கையில் மொத்தமாகப் பணம். இன்னொன்று, நேரம். "பட்ஜெட் போடுங்கள், பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், ஆசைப்பட்டதையெல்லாம் வாங்காதீர்கள்" என்று யூடியூபில் சொல்லும் அறிவுரை எல்லாம் மாதம் முதல் தேதி வங்கியில் சம்பளம் விழும் வீட்டை மனத்தில் வைத்துச் சொல்வது. பனியன் கம்பெனி வீட்டுக்கு அது பாதிதான் பொருந்தும்.

நாலு வாரமா, அஞ்சு வாரமா?

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் பல மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு என்று மாறிவிட்டன. ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் உள்நாட்டு பனியன், ஜட்டி தைக்கும் சிறு கம்பெனிகளிலும் இன்றும் சனிக்கிழமை சாயங்காலம்தான் கணக்கு முடிப்பார்கள். எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், முன்பணத்தில் எவ்வளவு கழிவு என்று பார்த்து மிச்சம் கைக்கு வரும்.

ஒரு வீட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கணவர் ஓவர்லாக் டெய்லர், ஷிப்டுக்கு 500 ரூபாய். மனைவி செக்கிங்கில், 350 ரூபாய். இருவரும் வாரம் 6 ஷிப்ட் பார்த்தால் 5,100. நாலு சனிக்கிழமை மாதத்தில் 20,400. அஞ்சு சனிக்கிழமை மாதத்தில் 25,500. ஒரே வேலை, ஒரே கூலி, மாதத்துக்கு மாதம் 5,100 ரூபாய் வித்தியாசம். வாடகை, பள்ளி வேன், ஏலச்சீட்டு எல்லாம் மாதக் கணக்கு. அவை சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டு வருவதில்லை.

ஆண்டில் 52 வாரம் என்றால் அஞ்சு சனிக்கிழமை மாதம் நாலு வரும். 2026 காலண்டரில் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். பழகிய குடும்பத்தலைவி இந்த நாலு மாதத்தை ஜனவரியிலேயே பார்த்து வைத்திருப்பார். அஞ்சாவது வாரச் சம்பளத்தைத் தொடாமல் வைத்தால் வருடத்தில் நாலு முறை மொத்தமாகச் சரக்கு எடுக்கலாம். அதைச் செலவுக் கணக்கில் கலந்துவிட்டால் அடுத்த மாதம் மூன்றாம் வாரத்திலேயே எண்ணெய்ச் சட்டி காயும்.

தேசிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் 39.68 உணவுக்குப் போகிறது, கிராமத்தில் 47.04. நம் உதாரண வீடு வருமானம் முழுவதையும் செலவழிக்கிறது என்று கொண்டால், நாலு வார மாதத்தில் உணவுக்கு 8,000 ரூபாய் சொச்சம். சமாளிக்க முடியாத தொகை அல்ல. ஆனால் அதே கணக்கெடுப்பில் நகர்ப்புறச் செலவில் 11 சதவீதம் டீ, பலகாரம், பாக்கெட் உணவு, கடைச் சாப்பாடு என்ற ஒரே தலைப்பில் போகிறது. அரிசி, கோதுமைக்குப் போவதைவிட அது பல மடங்கு. மளிகைக் கடை ரசீதை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுகிறவருக்கு இந்தப் பணம் கண்ணிலேயே படாது.

பெட்டிச் செய்தி: ரேஷன் கார்டு எவ்வளவு தாங்குகிறது?

நாலு பேர் உள்ள அரிசி கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல். 2011 ஜூன் முதல் இந்த ஏற்பாடு. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை 2 கிலோ, கிலோ 25 ரூபாய்.

வெளியில் அரிசி கிலோ 45, பருப்பும் எண்ணெயும் 130, சர்க்கரை 45 என்று தோராயமாக வைத்தால் மிச்சம் 1,100 ரூபாய்க்கு மேல்.

2023 செப்டம்பர் 15 இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தகுதி பெற்றவருக்கு மாதம் 1,000 ரூபாய். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே முதல்.

மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் ரேஷன் கடை திறந்திருக்கும். பதிலுக்கு முதல் இரண்டு வெள்ளி விடுமுறை. கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு ஞாயிறுதான் வழி.

பன்னிரண்டு மணி நேரத்தின் விலை

திருப்பூரில் ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட்: காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. வருமானம் ஒன்றரை மடங்கு ஆகிறது. அந்த வாரம் மளிகைச் செலவும் ஏறும். வீட்டில் அடுப்பு எரியாததுதான் காரணம்.

தென்னம்பாளையம் பக்கத்து உழவர் சந்தையில் விடியற்காலையில் காய் மலிவு. எட்டரை மணிப் பெல்லுக்கு ஓடுகிறவர் அங்கே போய்விட்டு வந்து சமைத்துக் கட்டிக்கொண்டு போக முடியாது. இரவில் தெருமுனைக் கடையில் வாடிய கத்தரிக்காயைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். ரேஷன் புழுங்கல் அரிசியை ஊறப் போட்டு இட்லி மாவு ஆட்டுவது கொங்கு வீடுகளின் பழைய சிக்கனம். சோற்றுக்குப் பொன்னி, மாவுக்கு ரேஷன். ஒன்றரை ஷிப்ட் வாரத்தில் அந்த அரிசி டப்பாவிலேயே இருக்கும், பாக்கெட் மாவு வரும். பாக்கெட் மாவும் இல்லாத ராத்திரி நாலு புரோட்டா பார்சல். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் கம்பெனி வாசல் பேக்கரியில் டீ, பன், போண்டா. ஆளுக்கு 30 ரூபாய் என்றாலும் இரண்டு பேருக்கு ஆறு நாளில் 360. மாதம் 1,440. ரேஷன் கார்டு மிச்சப்படுத்திக் கொடுத்ததைவிட அதிகம்.

இதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் குனிந்திருப்பவருக்கு அந்த டீதான் நிமிரும் நேரம். நான் சொல்ல வருவது வேறு: அரை ஷிப்ட் அதிகம் பார்த்த கூலியில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்து சேருவதில்லை. அதைக் கழித்துவிட்டுத்தான் ஓவர்டைமின் லாபத்தை எண்ண வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் அப்படி எண்ணுவதில்லை.

சின்னப் பாக்கெட் எல்லாமே நஷ்டம் என்ற பேச்சும் முழு உண்மையல்ல. சாஷே ஷாம்பு நம் கடலூரில் பிறந்த யோசனை. சின்னி கிருஷ்ணன் தொடங்கியது, அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983 இல் சிக் ஷாம்பு மூலம் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. பல பிராண்டுகளில் இன்றும் மில்லி கணக்கில் பாட்டிலைவிட சாஷே மலிவு. ஆனால் கடுகு, மிளகு, மல்லித்தூள், எண்ணெய் அப்படியல்ல. 10 ரூபாய் பாக்கெட்டாக வாங்கும் சாமான்தான் மாதம் முழுக்கக் கணக்கில் கசியும்.

'எழுதிக்கங்ண்ணா'

லைன் வீடுகள் இருக்கும் தெருமுனையில் எல்லாம் ஒரு மளிகைக் கடை, அந்தக் கடைக் கல்லாவில் ஒரு நோட்டு. புதன்கிழமை கையில் காசு தீர்ந்தால் "எழுதிக்கங்ண்ணா" என்பார்கள். சனிக்கிழமை ராத்திரி கணக்கு நேர் செய்ய வேண்டும். கடைக்காரர் வட்டி வாங்குவதில்லை. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட வைத்திருப்பார். பாக்கி இருக்கும்போது அடுத்த தெருவில் மலிவு என்று போக முடியாது, எதிர்க்கடைப் பையுடன் அந்த வாசலைத் தாண்டவும் கூச்சம்.

சிக்கன ஆலோசகர்கள் முதலில் நிறுத்தச் சொல்வது இந்த நோட்டைத்தான். நான் சொல்ல மாட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி உண்டு, கடன் கிடையாது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், 2020 ஊரடங்கிலும், வேலையில்லாத வாரங்களில் பல வீடுகளுக்கு அரிசி பருப்பு கொடுத்தது இந்த நோட்டுதான். கிலோவுக்கு மூன்று ரூபாய் அதிகம் என்பதை அந்தக் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியமாகவே கொள்ளலாம். பிரச்சினை, அதே வாரம் இன்னொரு கடனும் வாசலில் நிற்பது. நுண்கடன் குழுத் தவணையும் பல இடங்களில் வாரம்தோறும்தான். சம்பளம் வந்ததும் முதலில் அங்கே போகும், மளிகைக்கு மிச்சம். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழக அரசு 2025 இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஷிப்ட் குறைந்தால் தட்டில் முதலில் குறைவது எது?

2024-25 இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்கா போகும் சரக்கு. 2025 ஆகஸ்ட் 27 இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானபோது, திருப்பூரில் உற்பத்தி நிறுத்தப்படுவதாக ஏற்றுமதி அமைப்புகள் கூறின. வாஷிங்டனில் போடும் கையெழுத்துக்கும் வேலம்பாளையம் லைன் வீட்டுச் சாம்பாருக்கும் இடையில் அதிகத் தூரம் இல்லை. ஆர்டர் நின்றால் ஆளை உடனே நிறுத்த மாட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் ஒன்றாகும், பிறகு வாரம் ஆறு நாள் நாலு நாளாகும். நம் உதாரண வீட்டில் நாலு நாள் வாரம் என்றால் 3,400 ரூபாய். மாதம் 13,600. வாடகையும் தவணையும் அப்படியே இருக்கும். குறைப்பதற்கு இருப்பது சாப்பாடு மட்டும்.

அதிலும் அரிசி குறையாது. ரேஷனில் வருகிறது, வயிறு நிரம்ப வேண்டும். பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகும், டீத்தூள் குறையாது. பழம் முதலில் போகும். அடுத்து பருப்பு: சாம்பார் தண்ணியாகி ரசமாகும், அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசி நின்று பருப்பு கரையும். ஞாயிற்றுக்கிழமைக் கோழி கடைசி வரை தாக்குப்பிடிக்கும். ஒரு கிலோ அரைக் கிலோவாகுமே தவிர, நிற்காது. பல்லடம் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு தினமும் பண்ணை விலை அறிவிக்கிற வட்டாரம் இது. புரட்டாசியில் விலை இறங்கும், அப்போது வாங்குவதற்குப் பாதி ஊர் விரதம் இருக்கும்.

குடும்பத்துக்குள்ளும் குறைப்பு சமமாக விழாது. பிள்ளைக்கு முட்டை, வேலைக்குப் போகும் ஆணுக்குக் குழம்பில் கறித்துண்டு, கடைசியாக உட்காரும் பெண்ணுக்குச் சட்டியில் ஒட்டியது. அந்தப் பெண்ணும் நாள் முழுக்கச் செக்கிங் டேபிளில் நின்றுவிட்டு வந்தவர்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்கு நாளுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் என்கிறது. நாலு பேருக்கு 30 நாளுக்குப் பெருக்கினால் 10 கிலோ சொச்சம். ரேஷனில் கிடைப்பது ஒரு கிலோ துவரை. மீதி 9 கிலோவும் சந்தை விலையில் வர வேண்டும், ஷிப்ட் குறைந்த மாதத்திலும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசி தடையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் இந்த எண். பட்ஜெட்டுக்குள் அடங்கிய குடும்பம் என்று நாம் பாராட்டுகிற வீடுகளில் எத்தனை, பருப்பைக் குறைத்து அடங்கியவை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பள்ளி நாட்களில் பிள்ளைகளுக்கு ஓரளவு காப்பு உண்டு. அரசு தொடக்கப் பள்ளியில் காலை உணவு, மதியம் சத்துணவு, வாரம் ஐந்து முட்டை. மே மாதம் பள்ளி மூடினால் இரண்டு பிள்ளைகளின் இரண்டு வேளைச் சாப்பாடும் வாரத்துக்குப் பத்து முட்டையும் ஒரே நாளில் வீட்டுக் கணக்கில் ஏறும். ஜூனில் நோட்டு, சீருடை, ஷூ. மே மாதத்தின் அஞ்சாவது சனிக்கிழமைக்கு எத்தனை வாய் காத்திருக்கிறது பாருங்கள்.

பெட்டிச் செய்தி: 127 நாள்

1984 இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மையக் கோரிக்கை பஞ்சப்படி: விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும்.

2021 இல் போட்ட சம்பள ஒப்பந்தம் நாலு ஆண்டுக்கு 32 சதவீத உயர்வு. முதலாண்டு 19, பிறகு 5, 4, 4.

2024 செப்டம்பர் 14 இல் கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரி ஒரே நாளில் 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. அந்த ஆண்டுக்கான கூலி உயர்வு 4 சதவீதம். 2025 மே 30 இல் வரி 16.5 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆறு பேர், ஒரு அடுப்பு

மாத பட்ஜெட்டைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். ஆட்டா, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய் மூட்டையாகவும் டின்னாகவும் வரும். செலவை மாதக் கடைசியில் தலைக்கு வகுத்துக்கொள்வார்கள். சமையல் முறை வைத்து நடக்கும். ஊருக்கு அனுப்பும் தொகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் சாப்பிடுகிறார்கள். பிள்ளை, பள்ளி, பெரியவர்கள் மருந்து என்ற செலவெல்லாம் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கணக்கு அங்கே சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரில் வந்தது. வெளிமாநிலக் கார்டுக்கு இங்கே மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் உண்டு. 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் கிடையாது.

தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து வந்து வருடக்கணக்கில் இங்கே இருப்பவர்கள் பலர் கார்டை ஊரிலேயே விட்டிருக்கிறார்கள். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். ஆனால் ஊரில் இருக்கும் அம்மா அதில்தான் சாப்பிடுகிறார் என்றால் அதை எப்படி இங்கே வாங்குவது?

தாக்குப்பிடிக்கிற வீடுகள்

சமாளிக்கிற வீடுகள் எல்லாம் மாதத்தையும் வாரத்தையும் பிரித்துவிட்டன. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சோப்பு ஆகியவற்றை மாதத்தின் முதல் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரே இடத்தில் எடுத்துவிடுகிறார்கள். அந்த வாரம் கை வறண்டுதான் இருக்கும். வாடகையை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிக் கேட்டு வைத்திருப்பார்கள். காய், பால், முட்டை, கறிக்கு வாரப் பணம் தனி டப்பா. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான், மாதச் சாமானிலிருந்து எடுத்துச் சமைக்க வேண்டும். மூலனூர், வெள்ளகோவில் முருங்கை வரத்து கூடும் காலத்தில் கீரையும் காயும் மலிவு. துவரை ஏறும்போது கொள்ளும் தட்டப்பயறும். கொள்ளு ரசமும் பருப்பும் இங்கே யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எண்ணெய் இன்னும் கடினம். 2024 நடுவிலிருந்து 2025 நடுவுக்குள் கொப்பரை விலை இரட்டிப்புக்கும் மேல் போனபோது, தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போன காங்கேயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 50 மில்லி பாக்கெட்டுக்கு இறங்கியது. தாளிக்கக் கடலெண்ணெய், பொரிக்க ரேஷன் பாமாயில் என்று இரண்டு தூக்கு வைத்து ஓட்டுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 லிருந்து 5 சதவீதமாக இறங்கியது ஒரு சின்ன ஆறுதல். 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டில் அதே விலைக்கு எடைதான் கூடும். பெரிய பாக்கெட் வாங்குகிறவருக்கே காசாக மிஞ்சும்.

தீபாவளிக்கு மளிகைச் சீட்டு, பலகாரச் சீட்டு கட்டுவதும் இதே பிரிக்கும் புத்திதான். வாரம் நூறோ இருநூறோ வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள் தெருவிலேயே இருக்கிறவராக, கடை வைத்திருப்பவராக இருந்தால் சரி. கவர்ச்சியாக நோட்டீஸ் அடித்து வெள்ளிக்காசும் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் கட்டியவர்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் காவல் நிலைய வாசலில் நிற்கும் செய்தி எந்த வருடமும் தவறுவதில்லை.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முன்னால் அக்டோபரில் அஞ்சு சனிக்கிழமை. போனஸும் அந்த நாட்களில்தான் கைக்கு வரும். பஸ் ஏறி ஊருக்குப் போனவர்கள் திரும்பிக் கம்பெனிகள் முழுதாக ஓட ஒரு வாரம் பத்து நாள் ஆகும். நவம்பர் 14 சனிக்கிழமை பல வீடுகளில் சம்பளம் இருக்காது, 21 ஆம் தேதி அரைச் சம்பளம். அந்த மாத அரிசியையும் பருப்பையும் அக்டோபர் 31 சம்பளத்தில், புதுத்துணி எடுக்கக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.